முப்புரிப் புரதமும் ஆள்கூற்றுப் பதிவும்

கண்ணுக்குப் புலனாகா மூலக்கூறுகளைத் திரையிலே இணைத்துப் பார்க்கவும், இணைத்ததைப் பேணவும் இன்று கணினி உதவுகின்றது. அவ்வசதி வருமுன்னர், கோலும் உருண்டையும் கொண்டு அப்பணியைச் சென்னைச் சர்வகலாசாலையிலே செய்தவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாசன் என்னும் புரதம் மூன்று சங்கிலிகள் இணைந்ததென அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954 இல் எழுதினர். அம்மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் செல்வன என மறுவருடம் திருத்தினர்.

இணைத்தல் எளிதன்று. சென்னை அமைப்பிலே சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என ரிச், கிரிக் என்போர் 1955 இல் குறை கூறினர். குறை கூறியோர்க்கும் நாம் நன்றியுடையோம். ஏனெனில், அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்னும் வினாவையே இராமச்சந்திரன் பின்னர் ஆராயத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட வரைபடம் அவ்வாராய்ச்சியின் பயனாகும். புரத அமைப்புக்களைச் சோதிக்கும் உரைகல்லாக அஃது இன்றும் விளங்குகின்றது.

இனி, பேணுதல். 1971 இல் அமெரிக்காவின் புரூக்கேவனிலே தொடங்கிய புரதத் தரவகம் சேமிப்பது உருவப் படத்தையன்று. ஒவ்வோர் அணுவின் மூன்று ஆள்கூறுகளையே. ஆதலின், இரு அமைப்புக்களை ஒன்றாக்கிச் சேமிப்போர் இரண்டையும் ஒரே உற்பத்திப் புள்ளியிலிருந்து அளத்தல் வேண்டும். சங்கிலிகளுக்கு வெவ்வேறு எழுத்துமிடல் வேண்டும். தவறின் அணுக்கள் யாவும் பதிவில் இருக்கும்; சங்கிலிகளின் உறவு மட்டும் இராது.