ஒரு நாள்கூட ஓடாத அணு உலை

வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றை ஒட்டி மேற்கே போனால் ஸ்வென்டென்டார்ஃப் என்ற சிற்றூர் வரும். ஆஸ்திரியா தன் முதல் அணுமின் நிலையத்தை 1972-ல் இங்கேதான் கட்டத் தொடங்கியது. திறன் சுமார் 700 மெகாவாட். இன்னும் இரண்டு நிலையங்களுக்கும் இடம் பார்த்தாயிற்று. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வர, அணுமின்சாரம் வேண்டும் என்றவர்களின் கை ஓங்கியது. ஆளும் சோஷலிஸ்ட் கட்சி, தொழிற்சங்கம், தொழிலதிபர்கள் எல்லாரும் ஒரே பக்கம். போதாக்குறைக்கு, சர்வதேச அணுசக்தி முகமையின் தலைமையகமே வியன்னாவில்தான் இருக்கிறது!

எதிர்த்தவர்களை எந்தக் கட்சிக்குள்ளும் அடக்க முடியாது. மாணவர்கள், தாய்மார்கள், இடதுசாரிகள், பழமைவாதிகள் என்று எல்லாரும் கலந்திருந்தார்கள். நிலநடுக்க அபாயத்தைப் பேசிய நிலவியல் பேராசிரியர் அலெக்ஸாண்டர் டோல்மான் அவர்களில் ஒருவர். ஃப்ரெடா மைஸ்னர்-பிளாவ் இன்னொருவர். இவர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தது அரசாங்கமேதான். மக்களின் பயத்தைப் போக்குகிறோம் என்று 1976-ல் ஊர் ஊராக விளக்கக் கூட்டங்கள் நடத்தினார்கள். மேடையில் நிபுணர்களே ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ள, அதுவரை கவலைப்படாதவர்களும் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

1978 தொடக்கத்தில் எரிபொருளும் ராணுவ ஹெலிகாப்டரில் வந்து இறங்கிவிட்டது. உலையை இயக்குவதுதான் பாக்கி. சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு கேட்ட பிரதமர் புரூனோ கிரைஸ்கி, முடிவை மக்களிடமே விட்டார். வென்றுவிடுவோம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில், தோற்றால் பதவி விலகலாம் என்ற தொனியிலும் பேசிவைத்தார். விடுவார்களா எதிர்க்கட்சிக்காரர்கள்? அணு உலையைப் பற்றிப் பெரிய கருத்தில்லாதவர்களுக்கும், கிரைஸ்கியை வீட்டுக்கு அனுப்ப ஒரு வழி கிடைத்துவிட்டது.

1978 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். வித்தியாசம் 30,000 வாக்குகளுக்கும் குறைவு. டிசம்பரிலேயே, மக்கள் ஒப்புதல் இல்லாமல் அணுப்பிளவு மின்சாரம் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கிரைஸ்கி பதவி விலகவில்லை. அடுத்த மே மாதத் தேர்தலில் 51 சதவீத வாக்குகளோடு தன் மிகப்பெரிய வெற்றியைப் பெற்றார்! அணு உலைத் தலைவலி தீர்ந்ததும், அவர்மீது கோபம் கொள்ள மக்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

சுற்றுச்சூழல் இயக்கத்தின் தூய வெற்றி என்று இதை எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கட்சிப் பகை இல்லாவிட்டால் அந்த உலை ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு. அணுவை விட்ட நாடு அப்போது கரியை விடவும் இல்லை. பக்கத்திலேயே டியூர்ன்ரோரில் நிலக்கரி அனல்மின் நிலையம் எழுந்தது.

ஆனால், மயிரிழையில் பிறந்த அந்த முடிவுதான் பிறகு அசைக்க முடியாத தேசியக் கொள்கையானது. மனம் மாறும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகள் உலையைப் பராமரித்தார்கள். 1986-ல் செர்னோபில் வெடித்ததும் அந்தப் பேச்சே அடங்கியது. அதே ஆண்டு மைஸ்னர்-பிளாவ் பசுமைக் கட்சியினரோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அணு ஒழிந்த ஆஸ்திரியா என்பது 1999-ல் அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டது.

இடையில், 1984 டிசம்பர் குளிரில் ஹைன்பர்க் காட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். இந்த முறை எதிர்த்தது ஒரு நீர்மின் அணையை. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.