அணுப்போர் நாடகங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் நினைவும்

போர் என்றதும் வரலாற்று நூல்கள் முதலில் எழுதுவன வேந்தர்களின் பெயர்களையும் படைத்தலைவர்களின் பெயர்களையுமே. வென்றவர் யார், தோற்றவர் யார், எந்நாளில் எவ்வுடன்படிக்கை கையெழுத்தாயிற்று என்பனவற்றை மாணாக்கர் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், போர் நடந்த நாளில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எதைச் சமைத்துக் கொடுத்தாள், பள்ளிக்குச் சென்ற பிள்ளை எவ்வழியே வீடு திரும்பிற்று என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை கிடைப்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குறையை நீக்க முற்பட்டவற்றுள் தொலைக்காட்சி நாடகங்கள் சிலவும் அடங்கும்.

1983ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் 'தி டே ஆஃப்டர்' என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. 'மறுநாள்' என்பது அதன் பொருள். ஏறத்தாழ பத்துக் கோடி மக்கள் ஒரே இரவில் அதனைக் கண்டனர். மருத்துவர், உழவர், மாணவர் ஆகியோரே அதன் மாந்தர்கள். அணுகுண்டுகளை ஏவியவர்கள் யார் என்பதை அந்நாடகம் தெளிவாகக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. குண்டு விழுந்த பிறகு எளியவனுக்கு அவ்வினாவால் என்ன பயன்? அன்றைய அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் அதனை முன்னரே பார்த்து, அது தம்மைப் பெரிதும் சோர்வுறச் செய்தது எனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பரில், நடுத்தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் சோவியத் தலைவர் கொர்பச்சேவுடன் அவர் கையெழுத்திட்டார். ஒரு நாடகமே அதற்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். எனினும், அரசர் நெஞ்சையும் அசைக்கும் ஆற்றல் எளியோர் கதைக்கு உண்டு என்பது புலனாகின்றது.

இங்கிலாந்திலோ இத்தகைய முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் உருவாக்கிய 'தி வார் கேம்' என்னும் படம் காண்போரை மிகவும் அஞ்சச் செய்யும் என்று கருதிய பி.பி.சி. நிறுவனம் அதனை இருபது ஆண்டுகள் ஒளிபரப்பாமல் வைத்திருந்தது. 1985ஆம் ஆண்டிலேதான் அது தொலைக்காட்சியில் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 1984 செப்டம்பர் 23ஆம் நாள், பாரி ஹைன்ஸ் எழுதி மிக் ஜாக்சன் இயக்கிய 'திரெட்ஸ்' என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. 'இழைகள்' என்பது அப்பெயரின் பொருள். சமுதாயம் என்பது பல இழைகள் சேர்ந்து நெய்த ஆடை. உணவு, நீர், மின்சாரம், மருத்துவம், கல்வி எனும் இவற்றுள் ஒன்று அறுந்தால் மற்றவையும் ஒவ்வொன்றாய் அறுந்துபோகும் என்பதே நாடகத்தின் கருத்து. ஷெஃபீல்டு என்னும் இரும்பாலை நகரில் மணம் செய்துகொள்ள எண்ணியிருந்த ஓர் இளம் இணையரின் வாழ்வு போரினால் குலைவதை அது காட்டுகின்றது.

மொழியாசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி அந்நாடகத்தின் இறுதியில் உள்ளது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிகின்றன. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து நிற்கின்றனர். ஆனால், அவர்களால் ஒரு முழுச் சொற்றொடரைப் பேச இயலவில்லை. எழுவாயும் பயனிலையும் இணையாத துண்டுச் சொற்களே அவர்கள் வாயினின்று வருகின்றன. பழைய பள்ளி ஒளிநாடா ஒன்றை அவர்கள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். பாலத்தை மீண்டும் கட்டலாம். ஒரு தலைமுறை மொழியை இழந்துவிட்டால் அதனை யார் மீட்டுக் கொடுப்பது? அணுகுண்டின் கொடுமையை இதனினும் கூர்மையாக உணர்த்திய காட்சி அரிது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுந்த இழைகள்

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்த கற்பனை என்று மலேசியத் தமிழர் ஒதுக்கிவிட முடியாது. அணுகுண்டு இந்நாட்டின்மீது விழவில்லை. ஆயினும் இழைகள் அறுந்த காலம் ஒன்று இம்மண்ணிலும் இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் நாளடைவில் மதிப்பிழந்தன. பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்டது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, அதனை அமைத்தவர்களுள் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டிருந்தனர். தந்தை திரும்பி வருவார் என்று லயத்து வாசலில் காத்திருந்து ஏமாந்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

இரயில் பாதை அழைத்துச் சென்று அழித்தது ஒருபுறம் இருக்க, இரயில் பாதையை நாடி வந்த அழிவும் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சும் செந்தூலும் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகளாக வளர்ந்தவை. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே தொழிலாளராகவும் எழுத்தராகவும் நிலைய அலுவலராகவும் வாழ்ந்தனர். ஜப்பானியப் படைக்கு அவ்விரயில்வே பயன்பட்டதனால், நேசநாடுகளுக்கு அதுவே இலக்காயிற்று. 1945 பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்க பி-29 விமானங்கள் செந்தூல் இரயில்வேப் பட்டறைகளைத் தாக்கின. மார்ச் 10ஆம் நாள் மீண்டும் வந்த விமானங்கள் இரயில்வே வளாகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்று பிரிக்பீல்ட்சுக்கு அண்மையிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி சிதைந்தது. அவ்விடத்திலேதான் பிற்காலத்தில் தேசிய அருங்காட்சியகம் எழுந்து, 1963 ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்டது. விடுதலை தர வந்த விமானங்களும் பட்டறையை ஒன்றாகவும் குடியிருப்பை வேறொன்றாகவும் பிரித்தறிய வல்லன அல்ல என்பதற்கு அச்சிதைவு சான்றாயிற்று.

ஹிரோஷிமாவும் மோரிப் கடற்கரையும்

அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மீது முதல் அணுகுண்டு வெடித்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகியின்மீது அடுத்த குண்டு வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் இறந்தனர். ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது.

கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையில் பெரும்படையை இறக்கிப் போரிட்டு மலாயாவை மீட்கப் பிரித்தானியர் ஏற்கெனவே திட்டமிட்டிருந்தனர். சரணடைவுக்குப் பின், செப்டம்பர் 9ஆம் நாள் அப்படை எதிர்ப்பின்றிக் கரையிறங்கியது. போர் நீண்டிருந்தால் கிள்ளானும் கோலாலம்பூரும் போர்க்களமாகியிருக்கும். ஆகவே, குண்டு விழுந்ததனால் பிழைத்தோம் என்று அன்றைய மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. அவர்கள் பட்ட துன்பம் அத்தகையது. ஜப்பானின் சரணடைவுக்குக் காரணம் அணுகுண்டா, அதே வாரத்தில் சோவியத் நாடு போரில் இறங்கியதா என்பதில் வரலாற்றறிஞர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். காரணம் எதுவாயினும், ஒரு வினா எஞ்சி நிற்கின்றது: ஓர் ஊர் எரிந்ததனால் மற்றோர் ஊர் பிழைத்தது எனின், பிழைத்தவர் எரிந்தவரை மறந்துவிடலாமா?

மறக்கலாகாது என்பதற்கு இந்நாட்டின் வரலாற்றிலேயே ஒரு காரணம் உண்டு. ஜப்பானிய அரசு தென்கிழக்காசியாவிலிருந்து தேர்ந்து அழைத்துச் சென்ற மாணவர்களுள் மலாயாவைச் சேர்ந்த மூவர் அன்று ஹிரோஷிமாவில் இருந்தனர். கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப் அங்கேயே உயிர்நீத்தார். ஜோகூரைச் சேர்ந்த சையது ஒமார் கதிர்வீச்சு நோயுற்று, செப்டம்பர்த் தொடக்கத்தில் கியோத்தோவில் இறந்தார். அவருடைய கல்லறை அந்நகரத்து என்கோஜி ஆலயத்தில் இன்றும் பேணப்படுகின்றது. பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக் வகுப்பறையின் இடிபாடுகளிலிருந்து உயிர்தப்பினார். அவர் தாயகம் திரும்பி ஆசிரியரானார், பின்னாளில் ஷா ஆலாமிலிருந்த மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார், 2013இல் மறைந்தார். தம்மைச் சுட்ட நகரத்தின் மொழியையே தம் நாட்டு இளைஞர்க்குக் கற்பித்த அவ்வாசிரியரின் வாழ்க்கை, பகையை அறிவால் வென்ற வாழ்க்கையாகும்.

பழந்தமிழர் போரறமும் இன்றைய கடமையும்

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாடலைத் தமிழ் மாணாக்கர் அறிவர். அம்பு தொடுப்பதற்கு முன்னர், ஆக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையாரும் புதல்வரைப் பெறாதோரும் அரணான இடம் சேருமாறு அறிவித்துப் போர் செய்யும் அறநெறி அதில் பேசப்படுகின்றது. எல்லா வேந்தரும் அவ்வாறே நடந்தனர் என்று கூறுவதற்கில்லை. எரிபரந்தெடுத்தல் என்னும் துறையும் அதே இலக்கியத்தில் உண்டு. எனினும், போரிடாதோரைப் போர் தீண்டலாகாது என்னும் எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் உருப்பெற்றிருந்தது. அணுகுண்டின் முன் அவ்வறம் செல்லுபடியாகாது. பிணியாளர் ஓடிச் சேர்வதற்கு அரண் ஏது? குண்டு வெடித்த ஊரில் மருத்துவமனையும் எரிகின்றது, மருத்துவரும் மாள்கின்றனர்.

இவ்வுணர்வை உலகம் முற்றும் இழந்துவிடவில்லை. தென்கிழக்காசியாவை அணுவாயுதமற்ற வட்டாரமாக்கும் ஒப்பந்தம் 1995 டிசம்பரில் பேங்காக்கில் கையெழுத்தாயிற்று. அணுவாயுதத் தடை உடன்படிக்கையை மலேசியா 2020இல் ஏற்புறுதி செய்தது. அணுகுண்டுத் தாக்குதலில் உயிர்தப்பியோரின் ஜப்பானிய அமைப்பு 2024ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றது. ஆயினும், ரீகனும் கொர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 2019இல் முடிவுற்றது. தாளில் எழுதிய இழையும் அறுந்துபோகக் கூடியதே.

அறுபடாத இழை ஒன்று உண்டெனில் அது நினைவே. செந்தூல் பட்டறையையும் சயாம் பாதையையும் பற்றிப் பாட்டனார் கூறியவற்றைப் பெயரன் எழுதிவைக்க வேண்டும். அதனை எழுதுவதற்குரிய மொழியைப் பள்ளி அவனுக்குக் கொடுக்க வேண்டும். முழுச் சொற்றொடர் பேசத் தெரியாத தலைமுறையை அந்த ஆங்கில நாடகம் போரின் விளைவாகக் காட்டிற்று. போர் இல்லாமலே அந்நிலை வந்துவிடாதவாறு காப்பது வகுப்பறையின் கடமை. தன் முன்னோர் பட்ட துன்பத்தைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்தவனே பிறர் ஊர் எரியும்போது அதன் வெம்மையை உணர்வான்.