எண்ணிமத் திரைப்படப் பொதி

எண்ணிமத் திரைப்படப் பொதி (டிசிபி) என்பது திரையரங்குகளில் எண்ணிம முறையில் படங்களைத் திரையிடுவதற்காக உருவாக்கப்படும் கோப்புகளின் தொகுப்பு ஆகும். படத்தொகுப்புக் கூடத்தில் முடிவுறும் நிகழ்படக் கோப்பு பெரும்பாலும் புரோரெஸ் போன்ற தொழின்முறை வடிவத்தில் இருக்கும். திரையரங்கின் வழங்கி அதனை நேரடியாக ஏற்பதில்லை. எனவே அது பொதியாக மாற்றப்படுகின்றது. முன்பு படச்சுருளுக்கு இருந்த இடத்தை இன்று இப்பொதி வகிக்கின்றது.

வரலாறு

35 மி.மீ. படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான சுருள் தேவைப்பட்டது. இச்சுருள்கள் படப்பெட்டிகளில் வைத்து அரங்குகளுக்கு அனுப்பப்பட்டன. அருகருகே உள்ள அரங்குகள் ஒரே பெட்டியைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு.

2002-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டின் பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் இணைந்து டிசிஐ என்ற அமைப்பை நிறுவின. அதன் தரவரையறையின் முதற்பதிப்பு 2005 ஜூலையில் வெளியானது.

பொதியின் அமைப்பு

* படம்: ஒவ்வொரு சட்டகமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனியே சுருக்கப்படுகின்றது. 2கே அளவு 2048 × 1080 படவணுக்கள். 4கே அளவு 4096 × 2160 படவணுக்கள். உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட்டு. இதன்படி இரண்டரை மணி நேரப் படத்தின் காட்சிப்பகுதி மட்டும் ஏறத்தாழ 280 கிகாபைட்டு வரை அமையலாம்.
* ஒலி: சுருக்கப்படாத 24 பிட்டு ஒலி.
* பட்டியல்கள்: எந்தக் கோப்பு எந்த வரிசையில் ஓடவேண்டும் என்பதைக் கூறும் எக்ஸ்எம்எல் கோப்புகள்.

படமும் ஒலியும் எம்எக்ஸ்எப் என்னும் உறைக்கோப்புகளில் இடப்படுகின்றன.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சட்டக வேகம்: திரையரங்குகளின் பொதுவான வேகம் நொடிக்கு 24 சட்டகங்கள். இந்தியத் தொலைக்காட்சிக்கான படங்கள் 25 சட்டகங்களில் எடுக்கப்படுகின்றன. அச்சட்டகங்களை அப்படியே 24 வேகத்தில் ஓட்டினால் 100 நிமிடப் படம் 104 நிமிடம் 10 நொடியாக நீளும். ஒலியையும் அதே விகிதத்தில் நீட்டாவிடில், ஒவ்வொரு நிமிடத்திற்கும் 2.5 நொடி வீதம் உதட்டசைவும் பேச்சும் விலகிச்செல்லும்.

நிறம்: கணினித்திரைக்கான நிறவெளியிலிருந்து எக்ஸ்ஒய்இசட் நிறவெளிக்கு மாற்றவேண்டும். தவறினால் முகங்களின் நிறம் திரிந்து தெரியும். ஒளிமட்ட வரம்பைத் தவறாகக் கொண்டால் இரவுக்காட்சிகளின் கருமை சாம்பலாக வெளிறும்.

இவை கணினித்திரையில் எளிதில் புலப்படா. ஆகையால் வெளியீட்டிற்கு முன் அரங்கில் ஒருமுறை ஓட்டிப்பார்ப்பது வழக்கம். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு மாணவர்களும் குறும்பட இயக்குநர்களும் பொதிகளைத் தாமே உருவாக்கலாம்.

திறவுகோல்

வணிகப் படங்களின் பொதிகள் பொதுவாக மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் கேடிஎம் என்னும் சிறு கோப்பு, குறிப்பிட்ட ஒரு கருவிக்கும் குறிப்பிட்ட கால எல்லைக்கும் மட்டுமே செல்லும். திறவுகோல் வந்து சேராவிடில், வன்தட்டில் படம் முழுமையாக இருந்தும் காட்சியைத் தொடங்க இயலாது.

தமிழ்நாட்டில்

1986-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரியல் இமேஜ் நிறுவனம் கியூப் என்னும் எண்ணிமத் திரையிடல் முறையை உருவாக்கியது. தொடக்கத்தில் இந்திய அரங்குகள் பலவற்றில், டிசிஐ தரத்தைவிடக் குறைந்த செலவில் அமைந்த தனித்தனி வடிவங்கள் பயன்பட்டன. இதனால் ஒரே படத்தைப் பல வடிவங்களுக்கு மாற்றவேண்டியிருந்தது.

கருவிகளின் செலவை ஈடுசெய்ய வசூலிக்கப்பட்ட விபிஎப் கட்டணம் தயாரிப்பாளர்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் இடையே பிணக்கை உண்டாக்கியது. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் வரை புதிய தமிழ்ப் படங்களின் வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டது.

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் 1967-இல் திறக்கப்பட்ட அகஸ்தியா திரையரங்கு, படச்சுருள் காலத்திலிருந்து எண்ணிமக் காலம் வரை இயங்கி 2020-இல் மூடப்பட்டது.

பாதுகாத்தல்

படச்சுருளை ஒளியில் பிடித்தால் கண்ணாலேயே காணலாம். பொதிக்கு அவ்வசதி இல்லை. திறவுகோலும் மூலக்கோப்பும் தொலைந்தால் படமும் தொலைந்ததாகும். எனவே மறைகுறியாக்கப்படாத மூலப்படி ஒன்றையாவது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்து வைப்பது இன்றியமையாதது.