பனியைப் பற்றிக்கொள்ளுதல்

சென்ற சனவரியில் நண்பரின் சிறு காரில் தில்லியிலிருந்து மணாலிக்குச் சென்றிருந்தோம். சோலாங் செல்லும் வழியில் சாலை வெளுக்கத் தொடங்கியதும், வாடகைக்கு எடுத்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பின்சக்கரங்களில் மாட்டினோம். லாரிகளில் அப்படித்தான் கண்டிருக்கிறோம். எங்கள் காரோ முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. சங்கிலி பூண்ட சக்கரங்கள் அசையாது நிற்க, பூணாதவை நின்ற இடத்திலேயே சுழன்றன. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சிரித்தபடியே வந்து மாற்றி மாட்டிக் கொடுத்தார். ஊர் திரும்பியபின் அந்தச் சங்கிலியின் வரலாற்றைத் தேடப் போய், ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றில் சிக்கியவர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டுவதைக் கண்டே அவருக்கு இது தோன்றியது என்பார்கள். ஆகவே சங்கிலியின் மூதாதை பனியன்று, சேறு. இயக்கும் சக்கரம் எதுவோ அதற்கே சங்கிலி என்னும் விதி அன்று முதல் மாறவில்லை.

டயரையே குளிருக்கென வார்க்கும் எண்ணம் பின்லாந்தில் பிறந்தது. சுவோமென் கும்மிதேதாஸ் என்ற ரப்பர் ஆலை 1934இல் லாரிகளுக்கும், 1936இல் கார்களுக்கும் பனி டயர்களை வெளியிட்டது. (1967இல் வேறிரு நிறுவனங்களுடன் இணைந்து நோக்கியா என்ற பெருங்குழுமமானது இதே ஆலைதான். நம் முதல் கைப்பேசிக்கும் பனி டயருக்கும் இப்படியொரு பங்காளி உறவு.) கார் டயருக்கு அவர்கள் இட்ட பெயர் ஹக்கபெலீட்டா. முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்பின் படையில் போரிட்ட பின்லாந்துக் குதிரை வீரர்களின் பெயர் அது. ‘வெட்டு, அவன்மேல்’ என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய போர்க்குரலிலிருந்து அமைந்த சொல். விடுதலை பெற்று இருபதாண்டுகூட ஆகாத ஒரு நாடு, பனியை எதிர்கொள்ளும் பொருளுக்கு இப்படிப் பெயரிட்டதை வெறும் வணிகத் தந்திரமாக என்னால் காண இயலவில்லை.

தமிழில் ‘பனி’ என்ற ஒரு சொல்லே புல்நுனித் துளியையும் மார்கழி மூட்டத்தையும் இமயத்து வெண்மையையும் குறிக்கிறது. எஸ்கிமோ மொழிகளில் பனிக்கு எண்ணற்ற சொற்கள் என்னும் பழங்கதையைக் கேட்டால் மொழியியல் மாணவர்கள் முகம் சுளிப்போம். ஆனால் டயரைப் பொறுத்தவரை வேறுபாடு மெய்யானது. புதிதாக விழுந்த பனியில் ஆழமான பள்ளங்கள் உதவும்; குறுகிய டயர் அதைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொடும். பளிங்காய் உறைந்த பரப்பில் அந்தப் பள்ளங்களால் பெரும்பயன் இல்லை. அங்கே பற்றுவன ரப்பரின் மென்மையும், அதில் கீறப்பட்ட நுண்பிளவுகளும். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும். நுண்பிளவை ஆங்கிலத்தில் ‘சைப்’ என்பர்; 1920களில் அதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப்பின் பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது.

சிறு காருக்கு இந்த வரலாற்றில் தாழ்ந்த இடமில்லை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ பந்தயத்தை வென்றது 10 அங்குலச் சக்கரமுடைய மினி. எஞ்சினின் எடை இயக்கும் சக்கரங்களின்மேல் அமர்ந்ததே அதன் பலம். அதை நம்பி முன்பக்கம் மட்டும் குளிர்கால டயர் பூட்டுவோர் உண்டு. அது பிழை. பிரேக் மிதிக்கையில் முன்பகுதி பற்றிக்கொள்ளும், பின்பகுதி வழுக்கி முன்னே வரப் பார்க்கும். சங்கிலி இரண்டு போதும். டயர் நான்கும் வேண்டும்.

அடுத்து வந்தது ஆணி. டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ள ஆணிகள் பதித்த டயர் 1960களில் வட ஐரோப்பாவிலிருந்து பரவியது. பளிங்குப் பனியில் அதற்கு நிகரில்லை. ஆனால் பனியில்லாத நாள்களிலும் ஆணி டயரில் இருந்துகொண்டுதான் இருக்கும், சாலையை அரைத்துக்கொண்டு. 1970களின் முற்பகுதியில் மின்னசோட்டாவும் ஒன்டாரியோவும் அதைத் தடைசெய்தன; 1975இல் மேற்கு ஜெர்மனியும் கைவிட்டது. அவர்கள் கணக்கிட்டது பெரும்பாலும் சாலைச் சேதத்தை.

சப்பானில்தான் கேள்வி மூச்சுக்கு வந்தது. செண்டாய் நகரில் குளிர்காலம் வறண்டது, பனிப்பொழிவு குறைவு, ஆயினும் பெரும்பாலான கார்கள் ஆணி டயரோடு ஓடின. அரைபட்ட தார்த்தூள் 1980களின் தொடக்கத்தில் நகரின் காற்றை நிறைத்தது. ஒருவரின் பாதுகாப்பு மற்றவர் நுரையீரலில் போய்ப் படிந்தது. மக்கள் முறையிட்டனர், வழக்கறிஞர்கள் இறங்கினர். 1988இல் ஏற்பட்ட சமரசத்தில் உற்பத்தியாளர்கள் ஆணி டயரை நிறுத்த இசைந்தனர். 1990இல் சட்டமே வந்தது. நுண்துளைகள் நிறைந்த ரப்பரால் பனிமேலுள்ள நீர்ப்படலத்தை உறிஞ்சும் பிளிசாக் டயரை பிரிட்ஜ்ஸ்டோன் அறிமுகப்படுத்தியதும் அதே 1988இல்தான்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் வெற்றி என எழுதி முடிக்கும். சப்போரோவில் நடந்தது வேறு. ஆணிகள் பனிப்பரப்பைச் சொரசொரப்பாகக் கீறி வைத்திருந்தன என்பது அவை போன பின்னரே தெரிந்தது. மென்மையான புதிய டயர்கள் நின்று புறப்படும் சந்திப்புகளில் பனி கண்ணாடியாக மெருகேறியது. தூசு நின்றது, சாலையைக் கடக்கும் நடையர்கள், குறிப்பாக முதியவர்கள், வழுக்கி விழுவது பெருகியது. கார் வைத்திராதவரே இம்முறையும் விலை கொடுத்தனர்.

நகர நிர்வாகம் தெருமுனைகளில் மணற்பெட்டிகளை வைத்தது. கடப்பவர் யாராயினும் ஒரு பொதியை எடுத்து, தமக்கு முன்னே தூவியபடி நடக்கலாம். அவை இன்றும் அங்கே உள்ளன.