மலையில் இருந்து ஒருவரை இறக்குவது எப்படி?

கிண்டியில் எங்க ஆபீஸ் மொட்டை மாடியில நின்னா பரங்கிமலை தெரியும். சுமார் 300 அடிதான். அங்க யாருக்காவது கால் உடைஞ்சா, உச்சி வரைக்கும் ரோடு இருக்கு, ஆம்புலன்ஸ் போயிடும். ரோடே இல்லாத மலையில்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலே மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையில் இருந்தும் ஈரோடு பக்கத்தில் இருந்தும் போனவர்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனா அதற்கு முன்பே ஏறிப் போனவர்கள் ஊர் மக்கள். துணியைக் கம்பில் கட்டி டோலியாக்கி, காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அவங்களுக்கு யாரும் இதற்கென்று பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

இதற்கான பயிற்சி எப்படித்தான் இருக்கும் என்று தேடியபோது இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 1928-இல் லாடோ என்ற பாறையில் ஒருவர் அடிபட்டார். நண்பர்கள் கையில் கிடைத்ததை வைத்து ஒரு தூக்குப் படுக்கை செய்து, மணிக்கணக்கில் சுமந்தார்கள். மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே அவர் காலை எடுக்க வேண்டியதாயிற்று. வலி மருந்து இல்லாமல் அப்படித் தூக்கி வந்ததுதான் பெரிய கேடு என்பது ஹேயின் கருத்து. 1932-இல் மலையேற்றச் சங்கங்கள் கூடி, நல்ல தூக்குப் படுக்கைக்காகவே ஒரு குழு அமைத்தன. யூஸ்டஸ் தாமஸ் அதை வடிவமைத்தார். மீட்புச் சாவடிகளுக்கு மார்பின் கொடுத்ததற்காக 1949-இல் ஹேக்கு 10 பவுண்ட் அபராதம்! பிறகு அரசே அதை அனுமதித்தது.

1946-இல் கிரேட் கேபிள் மலையில் வில்ஃப்ரிட் நாய்ஸ் (பின்னாளில் 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்தவர்) கால் உடைந்து கிடந்தார். அவரை இறக்குவதற்குள் விடிந்துவிட்டது. அந்த மீட்பில் இருந்த கர்னல் வெஸ்ட்மோர்லண்ட், அடுத்த ஆண்டே கெசிக் ஊரில் ஒரு தன்னார்வக் குழுவைத் தொடங்கினார்.

இன்றும் அங்கே சம்பளம் கிடையாது. புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் ஓராண்டு போல 'பயிற்சி உறுப்பினர்'. இருட்டிலும் பனிமூட்டத்திலும் வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கணும். முதலுதவித் தேர்வை 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுதணும். கயிறு வேலை உண்டு. எல்லாவற்றையும் விட அதிகம் சுமப்பதுதான். சில நாள் நோயாளியாகப் படுத்தும் பார்க்கணும். ஒவ்வொரு குலுக்கலும் எப்படி வலிக்கும் என்று அப்போதுதான் புரியும்.

சுமப்பதில் என்ன பெரிய பயிற்சி என்று எனக்கும் தோன்றியது. 70 கிலோ நண்பன் ஒருத்தனைப் போர்வையில் வைத்து, 6 பேர் சேர்ந்து அபார்ட்மெண்ட் படியில் இறக்கிப் பார்த்தோம். கணக்குப்படி ஆளுக்கு 12 கிலோகூட இல்லை. ஆனா ஒரு மாடி இறங்குவதற்குள் கை மாற்ற வேண்டியதாயிற்று. கணக்கில் எடை மட்டும்தான் வருது. 6 பேரின் கால் ஒன்றாக இறங்கணும் என்பது வரலை.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 பாதைகளில் மலையேற்றத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகள் மலைக்கிராமத்து இளைஞர்கள், முதலுதவியும் கற்றவர்கள். நல்ல தொடக்கம். ஆனா ஒரு வழிகாட்டியால் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. அடிவாரத்து ஊரில் இன்னும் 20 பேர் வேணும், முறையான தூக்குப் படுக்கையோடு, மாதம் ஒருமுறை சுமந்து பழகியவர்களாக. ஆபத்து என்றால் அவங்கதான் முதலில் ஏறப்போகிறார்கள். குரங்கணியில் அதைப் பார்த்துவிட்டோம்.