அஞ்சல் கோபுரம் எங்கே நடுவது?

ஒரு நிலையத்துச் செய்தியை மற்ற நிலையங்கள் "அஞ்சல் செய்கின்றன" என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வந்த செய்தியை வாங்கி, தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்காமல், அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவதுதான் அஞ்சல், அதாவது ரிலே. தொலைபேசித் துறையின் மைக்ரோவேவ் பிரிவில் என் பிழைப்பே அதுதான். நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம்; ஒன்றிலிருந்து அடுத்தது மறைவில்லாமல் தெரிய வேண்டும். எங்கே நடுவது, எத்தனை நடுவது என்று தீர்மானிப்பதே பாதி வேலை. இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் க்ளோத் ஷாப் என்பவர் தம் சகோதரர்களோடு சேர்ந்து ஒரு தந்தி முறையைக் கண்டுபிடித்தார். மின்சாரம் கிடையாது. கோபுரத்தின் உச்சியில் மரக்கைகள். அவற்றை மடக்கி நீட்டினால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பொருள். அடுத்த கோபுரத்து ஆள் தொலைநோக்கியில் பார்த்து அதையே திருப்பிச் செய்வார். 1794-ல் பாரிஸிலிருந்து லீல் நகரம் வரை, சுமார் 230 கிலோமீட்டருக்கு, முதல் வரிசை அமைந்தது. கோந்தே கோட்டையை எதிரியிடமிருந்து மீட்ட செய்தி அந்த ஆண்டிலேயே இவ்வழியாகத்தான், குதிரைத் தபாலை முந்திக்கொண்டு, பாரிஸுக்கு வந்தது.

ஆனால் நடுவில் ஒரே ஒரு கோபுரத்தைப் பனி மூடினால் போதும், மொத்த வரிசையும் ஊமையாகிவிடும். கோபுரங்களை நெருக்கி வைத்தால் செலவு ஏறும். தள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. அன்று ஷாப் பட்ட பாடுதான் பிறகு வந்த எல்லோருக்கும்.

2002-க்கு வருவோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடலில் கிரேட் டக் என்று ஒரு தீவு. அங்கே ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கடற்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். மனிதர் அடிக்கடி போய்ப் பார்த்தால் கூட்டையே விட்டுப் போய்விடும். அதனால் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் 32 சிறு கம்பியில்லாச் சென்சார்களை வளைகளிலும் சுற்றுப்புறத்திலும் வைத்தார்கள். இரண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடும் கருவி. வெப்பம், ஈரப்பதம் அளந்து சொல்லும். ஓர் இடைக்கருவி அதை வாங்கித் தீவிலிருந்த கணினிக்குக் கொடுக்க, அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக வெளியே போனது. அடுத்த ஆண்டு, ஒரு சென்சார் சொன்னதை இன்னொன்று கைமாற்றும் முறையையும் சோதித்தார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி தன் செய்தியோடு பின்னால் இருப்பவை எல்லாவற்றின் செய்தியையும் சுமக்கும். ஊர்ச் சுமை முழுக்க அதன் தலையில். பேட்டரி முதலில் தீர்வதும் அதற்குத்தான். அது போனால் பின்னால் இருப்பவை நன்றாக இருந்தும் பயனில்லை. இதற்கு மருந்தாகத்தான் எதையும் அளக்காமல், அஞ்சல் மட்டும் செய்கிற ரிலே கருவிகளைத் தனியாக நடுகிறார்கள்.

எங்கே நடுவது? மூன்று சென்சார்கள் சம முக்கோணமாக, ஒன்றுக்கொன்று 170 மீட்டர் தள்ளி நிற்கின்றன. எந்தக் கருவியின் குரலும் 100 மீட்டர்தான் எட்டும் என்று வையுங்கள். பக்கங்களின் நடுவே நட்டு இணைத்தால் இரண்டு ரிலே வேண்டும். முக்கோணத்தின் மையத்தில் நட்டால் மூன்றுக்கும் தூரம் 98 மீட்டர்தான், ஒன்றே போதும். மூன்று புள்ளிகளுக்குப் பொதுவான இப்படிப்பட்ட மையத்தைப் பற்றிப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா கேள்வி எழுப்பியிருக்கிறார். ஆனால் புள்ளிகள் நூறானால் கணினிக்கும் மூச்சு வாங்கும். 1999-ல் லின், ஷுவே என்ற இருவர் இது மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். அதனால் நடைமுறையில், மிகக் குறைந்த எண்ணிக்கை கிடைக்காவிட்டாலும் அதற்கு அருகில் வந்தால் சரி என்று விடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். மூணாறு அந்தோணியார் காலனியில் 2005-ல் நிலச்சரிவு ஏற்பட்டது. பிறகு அமிர்தா பல்கலைக்கழகத்தார் அந்தச் சரிவில் துளையிட்டு, மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் சென்சார்களை இறக்கினார்கள். அவற்றின் தகவல் கம்பியில்லாமல் கைமாறிக் கைமாறி மலையிலுள்ள மையத்துக்கு வந்து, செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டம் அமிர்தபுரிக்குப் போகும். 2009 பெருமழையில் இந்த அமைப்பு எச்சரிக்கையும் கொடுத்தது.

சரிவுக்குக் கீழே வீடுகள். மழை கொட்டும் இரவில் மண்ணுக்குள் இருக்கும் கருவி சரியாகவே அளக்கலாம். அந்தச் சேதி ஊர் வந்து சேர்வது நடுவில் நிற்பவற்றின் கையில் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் சென்சாருக்குப் பணம் ஒதுக்கிவிட்டு ரிலேயில் சிக்கனம் பார்ப்பார்கள். அங்கே பார்க்கக் கூடாது என்பதே, கோபுரங்களோடு காலம் தள்ளிய என் எண்ணம்.