செயற்கைச் சிறுநீரகத்தின் தோற்றம்

1938ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் குரோனிங்கன் மருத்துவமனையில் இளைஞன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். செய்வதறியாது நின்ற இளம் மருத்துவர் வில்லெம் கொல்ஃப், அவ்வியலாமையையே தம் ஆய்வின் தொடக்கமாக்கினார்.

ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் மத்தியில், 1943இல், காம்பென் நகரில் அவர் இயக்கிய பொறி எளிமையானது. தொத்திறைச்சி உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாய் மரச்சட்ட உருளையொன்றிற் சுற்றப்பட்டது. உருளை உப்புக்கரைசலிற் சுழல, குழாயினூடு ஓடிய குருதியிலிருந்து யூரியா கரைசலுக்குட் பரவியது. குருதிக் கலங்களும் புரதங்களும் குழாயினுள்ளேயே தங்கின.

முதல் 16 நோயாளருள் பொறியாற் பிழைத்தாரென உறுதியாகக் கூறத்தக்கவர் எவருமிலர். 1945இல், 17ஆவதாக வந்த 67 வயதுப் பெண்ணே உயிர்மீண்டார். அவரோ நாசிகளுக்குத் துணைநின்றமைக்காகச் சிறைவைக்கப்பட்டிருந்தவர். மருத்துவர் அவரையும் நோயாளியாகவே கண்டார். பொறியியலும் உடற்றொழிலியலும் அங்கு இணைந்தன. அவ்விணைப்புக்குப் பொருள் தந்தது அவ்வறமேயாகும்.